பழுது என்று வருபவையும் பெட்டிக்குள் இருப்பவையும்

நீங்கள் கேட்டது இது: "எலக்ட்ரானிக்ஸ் பழுது பார்க்கும் கடைக்கு வாடிக்கையாளர்கள் வேடிக்கையான பொருட்களையும் விசித்திரமான புகார்களையும் கொண்டுவருவதாக நிறையக் கதைகள் உலவுகின்றன. அவை நிஜமாகவே நடக்கின்றனவா? பெட்டியைத் திறந்தால் உள்ளே என்னவெல்லாம் இருக்கும்?" சிரிப்பதற்கு நாலு சம்பவம் கேட்கிறீர்கள் என்று இதைப் படித்துவிடலாம். ஆனால் 'நிஜமாகவே' என்று ஒரு சொல் போட்டிருக்கிறீர்கள். கண்ணால் பார்த்தது எது, கண் காது மூக்கு வைத்துப் பெரிதாக்கியது எது என்று பிரித்துச் சொல்லும்படி கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். 26 ஆண்டுகளாக இதுதான் என் தொழில். குழாய் டிவியிலும் கேசட் பிளேயரிலும் கை பழகி, இப்போது போன், லேப்டாப், ஆம்ப்ளிஃபையர், மைக்ரோவேவ் அடுப்பு என்று ஓடுகிறது. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் பக்கம் நான் போனதில்லை. அவற்றுக்குள் கிடைப்பவற்றை அந்த வேலை செய்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளர் சொல்லும் விசித்திரமான புகாரில் 'என்ன நடந்தது' என்ற பகுதி அநேகமாக எப்போதும் உண்மை. 'ஏன் நடந்தது' என்ற பகுதிதான் தடம் மாறியிருக்கும். டிவிக்குப் பேய் பிடித்துவிட்டது என்று ஒருவர் சொன்னால், அந்த டிவி ஆள் தொடாமலே எரிந்து அணைந்திருக்கிறது என்று பொருள். பேயை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை வார்த்தை மாறாமல் எழுதிக்கொள்ள வேண்டும். புகார்ச் சீட்டில் 'டிவி பழுது' என்று மட்டும் எழுதுகிறவர் பாதித் தடயத்தை அங்கேயே தொலைத்துவிடுகிறார்.

ஓர் அம்மா லேப்டாப்புடன் வந்தார். "நான் உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறது. என் மகன் உட்கார்ந்தால் ஒழுங்காக இருக்கிறது. என்னைக் கண்டாலே இதற்குப் பிடிக்கவில்லை" என்றார். அதற்கு முன் இரண்டு கடைகளில் காட்டி, பழுது எதுவும் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டிருந்தார். நானும் இரண்டு நாள் ஓடவிட்டுப் பார்த்தேன், ஒரு குறையும் தெரியவில்லை. மூன்றாம் நாள் அவரையே வரச் சொல்லி, என் மேசையில் உட்கார்ந்து வழக்கம்போல் தட்டச்சு செய்யச் சொன்னேன். நாலு வரி அடிப்பதற்குள் திரை அணைந்தது. "பார்த்தீர்களா!" என்றார். அவர் முகத்தில் அப்போது வந்த நிம்மதியை இன்னும் மறக்கவில்லை. தான் சொன்னதை ஒருவராவது கண்ணால் பார்த்துவிட்டார் என்ற நிம்மதி அது. இடது மணிக்கட்டில் ஒரு கைச்சங்கிலி போட்டிருந்தார். அதன் கொக்கி காந்தம். மூடியை மடக்கியதும் லேப்டாப் தூங்குவதற்கு, பெரும்பாலும் மூடியின் ஓரத்தில் ஒரு சிறு காந்தம் வைத்திருப்பார்கள். அது வந்து படியும் இடத்தில், விசைப்பலகைக்குக் கீழே நாம் கை ஊன்றும் பகுதிக்கு அடியில், காந்தத்தை உணரும் ஹால் சென்சார் இருக்கும். அவர் கையை ஊன்றும்போதெல்லாம் 'மூடி மடங்கிவிட்டது' என்றே லேப்டாப் புரிந்துகொண்டது. சங்கிலியைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் அடித்தார், அணையவில்லை. சங்கிலியை மட்டும் எடுத்து அந்த மூலையில் வைத்தேன், அணைந்தது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஒரு லேப்டாப்பின் மேல் இன்னொன்றை அடுக்கி வைத்து வேலை செய்பவர்களுக்கும், காந்த மூடி போட்ட போன் உறையை அந்த ஓரத்தில் வைப்பவர்களுக்கும் இதேதான் நடக்கும்.

பேய் பிடித்த டிவிகள் எனக்குக் கணக்கில்லாமல் வந்திருக்கின்றன. நள்ளிரவில் ஒலி தானாகக் கூடும், சேனல் தானாக மாறும், அணைத்து வைத்தது உயிர் பெறும். பல டிவிகளில் முகப்பில் உள்ள பொத்தான்களுக்குத் தனித்தனிக் கம்பி கிடையாது. எல்லாம் ஒரே தடத்தில் இருக்கும். ஒவ்வொரு பொத்தானுக்கும் வேறு வேறு அளவில், மின்னோட்டத்தைத் தடுக்கும் ரெசிஸ்டர். எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்பதை அந்தத் தடத்தில் வரும் வோல்ட்டேஜை வைத்தே உள்ளிருக்கும் சிப் கண்டுபிடிக்கிறது. ஒரு பொத்தானுக்குள் ஈரமோ துருவோ ஏறிச் சிறிதளவு கசிவு வந்தால் போதும், யாரும் தொடாமலே வோல்ட்டேஜ் இறங்கும். அது ஒலி பொத்தானின் அளவோடு ஒத்துப்போனால் ஒலி ஏறும். ஈரப்பதம் மாறினால் கசிவும் மாறும். அதனால்தான் 'ராத்திரியில் மட்டும்' என்ற சாட்சியத்தை நான் தள்ளுவதில்லை. பொத்தானை மாற்றினால் பேய் போய்விடும். இன்னொரு காரணமும் உண்டு: அடுத்த வீட்டில் அதே நிறுவனத்தின் டிவி இருந்து, ஜன்னல்கள் எதிரெதிராக இருந்தால், அவர்கள் ரிமோட்டுக்கு உங்கள் டிவியும் பணிந்து நடக்கும். இரண்டில் எது என்பதை டிவியின் முன்பக்க ரிமோட் சென்சார் மேல் கறுப்பு டேப் ஒட்டி ஓர் இரவு விட்டுப் பார்த்தாலே பிரித்துவிடலாம்.

பேசும் ஆம்ப்ளிஃபையர் இதைவிட எனக்குப் பிடித்தது. எதையும் இணைக்காமலே சாயங்கால வேளைகளில் ஸ்பீக்கரில் யாரோ பேசுவதாக ஒருவர் சொன்னார். என்ன பேசுகிறார்கள் என்று கேட்டேன். "மனிதக் குரல்தான், ஆனால் ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. வாயை மூடிக்கொண்டு மூக்கால் பேசுவது போல இருக்கிறது" என்றார். அந்த வர்ணனையிலேயே பழுது பிடிபட்டுவிட்டது. பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்ளும் அமெச்சூர் வானொலிக்காரர்கள் பயன்படுத்தும் 'ஒற்றைப் பக்கப்பட்டை' என்ற வகை ஒலிபரப்பை, அதற்குரிய கருவி இல்லாமல் ஒரு சாதாரண ஆம்ப்ளிஃபையர் பிடித்தால் சரியாக அப்படித்தான் கேட்கும். நீளமான ஸ்பீக்கர் கம்பி ஆன்டெனா வேலையைச் செய்துவிடும். உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டரின் சந்தி அலையிலிருந்து ஒலியைப் பிரித்துவிடும். அக்கம்பக்கத்தில் விசாரித்தபோது, மூன்று வீடு தள்ளி உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலிக்காரர் ஒருவர் இருந்தார். வேலை முடிந்து வீடு திரும்பியதும் வானொலி முன் உட்காருவது அவர் வழக்கம். கம்பிகளைக் குறைத்து, இரு முனைகளிலும் வானொலி அலையைத் தடுக்கும் ஃபெரைட் வளையம் மாட்டியதும் குரல் நின்றது.

இதற்கு அண்ணன் தம்பி போன்ற புகார் ஒன்று ஒரு காலத்தில் வாரம் தவறாமல் வரும்: "போன் மணி அடிப்பதற்கு முன்பே என் ரேடியோவுக்குத் தெரிந்துவிடுகிறது." அதுவும் உண்மை. 2ஜி போன் தொடர்ச்சியாகப் பேசாமல், வினாடிக்குச் சுமார் 217 தடவை துண்டு துண்டாக அலையை வீசும். அழைப்பு வரும்போது மணி அடிக்கும் முன்பே கோபுரத்தோடு அது பேசத் தொடங்கிவிடுவதால், பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கர் 'டிட் டிட் டிட்' என்று உறுமும். 3ஜி, 4ஜி வேறு முறையில் இயங்குவதால் அந்த உறுமல் இப்போது அருகிவிட்டது.

நம்ப முடியாதது என்று தோன்றும் ஒன்றைப் பொய் என்று உடனே சொல்லிவிடக் கூடாது என்பதற்கு ஆவணப்படுத்தப்பட்ட இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன். 2015-இல் வந்த ராஸ்பெர்ரி பை 2 என்ற சிறு கணினியைப் பலர் ஆசையாகப் புகைப்படம் எடுத்தார்கள். ஃபிளாஷ் அடித்த நொடியில் அது அணைந்துபோனது. போட்டோ எடுத்தால் செத்துவிடுகிறது என்று ஒருவர் என் கடைக்கு வந்து சொல்லியிருந்தால் நானே தயங்கியிருப்பேன். காரணம் எளிமையானது. மின்சப்ளையைக் கட்டுப்படுத்தும் ஒரு சிப்புக்குப் பிளாஸ்டிக் உறை கிடையாது. செனான் ஃபிளாஷின் கடும் வெளிச்சம் சிலிக்கான் மேல் நேராக விழுந்து, உள்ளே தேவையில்லாத மின்னோட்டத்தைக் கிளப்பிவிட்டது. வெளிச்சம் புகாத பசையை அந்தச் சிப்பின் மேல் ஒட்டினால் குணம். மற்றது 2018-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்தது. ஒரு மருத்துவமனையில் புதிய எம்ஆர்ஐ கருவியை நிறுவும் நாளில் சுமார் 40 ஐபோன்களும் ஆப்பிள் கைக்கடிகாரங்களும் ஒரே நேரத்தில் செயலிழந்தன. மற்ற நிறுவனங்களின் போன்கள் நன்றாக இருந்தன. கருவியிலிருந்து ஹீலியம் கசிந்திருக்கிறது. அந்தச் சாதனங்களில் நேரத்தைக் கணக்கிடுவதற்குக் குவார்ட்ஸுக்குப் பதிலாகச் சிலிக்கானில் செய்த நுண்ணிய அதிர்வி இருந்தது. ஹீலியம் அணு மிகச் சிறியது என்பதால் அதன் உறைக்குள்ளேயே புகுந்துவிட்டது. கடிகாரத் துடிப்பு நின்றால் போனும் நின்றுவிடும். சில நாட்களில் வாயு வெளியேறியதும் பெரும்பாலானவை தாமாக உயிர் பெற்றன.

உள்ளே என்ன இருக்கும் என்று கேட்டிருந்தீர்கள். முதலிடம் பூச்சிகளுக்கு. இதற்குச் சரித்திரப் புகழே உண்டு. 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு மார்க் 2 கணினியின் 70-ஆம் ரிலேயில் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருந்ததைக் கண்டு, அதை எடுத்துக் குறிப்பேட்டில் டேப் போட்டு ஒட்டி, 'பூச்சி உண்மையாகவே அகப்பட்ட முதல் சம்பவம்' என்று எழுதிவைத்தார்கள். அந்தப் பக்கம் இன்றும் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. கணினிக் கோளாறுக்கு ஆங்கிலத்தில் 'பக்', அதாவது பூச்சி, என்று பெயர் வந்ததே அன்றுதான் என்று சொல்வார்கள், அது சரியல்ல. கருவிகளில் வரும் கோளாறை அந்தச் சொல்லால் குறிப்பது எடிசனின் 1878-ஆம் ஆண்டுக் கடிதத்திலேயே இருக்கிறது. 'உண்மையாகவே' என்று அவர்கள் எழுதியதன் சுவை, அந்தச் சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்ததால்தான் வருகிறது.

என் மேசைக்கு வருபவை பெரும்பாலும் கரப்பான், எறும்பு, பல்லி. கரப்பானுக்கு வெதுவெதுப்பும் இருட்டும் போதும். எப்போதும் மின்சாரத்தில் இருக்கும் செட்டாப் பெட்டியும் வைஃபை ரௌட்டரும் அதற்குக் கட்டிக் கொடுத்த வீடு. பல்லி வேறு வகை. யூபிஎஸ் போர்டில் இரண்டு செப்புத் தடங்களுக்குக் குறுக்கே படுத்துத் தன் உடம்பாலேயே ஷார்ட் ஆக்கிவிடும். எறும்புகளோ ஒன்றோடு நிற்பதில்லை. சில வகை எறும்புகள் மின்சாரத்தில் சிக்கிச் சாகும்போது ஆபத்தைத் தெரிவிக்கும் வாசனைப் பொருளை வெளிவிடுகின்றன, அதை உணர்ந்து மற்றவை ஓடி வருகின்றன, அவையும் சாகின்றன. ஒரு ரிலேயின் இரண்டு முனைகளுக்கு இடையில் எறும்புகள் அட்டைபோல் நசுங்கிப் படிந்திருந்ததைச் சுரண்டி எடுத்திருக்கிறேன். ரிலே 'டக்' என்று சத்தம் போடும், மின்சாரம் போகாது. மல்டிமீட்டரை வைத்துக் குழம்பிய பிறகு, உறையைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

அடுத்து, குழந்தைகள் போட்டவை. காசு போகும் அகலத்தில் ஒரு துவாரம் இருந்தால் அது உண்டியல். டெஸ்க்டாப் பெட்டியின் பின்புறக் காற்றுத் துளை, டிவிடி பிளேயரின் வாய், பிரிண்டரின் காகிதத் தட்டு எல்லாவற்றிலும் காசு, பென்சில் துண்டு, பொம்மைக் காரின் சக்கரம் எடுத்திருக்கிறேன். குழாய் டிவி இருந்த காலத்தில் ஒரு சிறுமி காந்தத்தைத் திரையில் தேய்த்து வானவில் வரவழைத்துவிட்டாள் என்று அவள் தந்தை பாதி வருத்தமும் பாதிப் பெருமையுமாகக் கொண்டுவந்தார். வண்ணப் புள்ளிகளை நோக்கி எலக்ட்ரான்களை வழிநடத்தும் உலோகச் சல்லடை காந்தமேறிவிட்டால் நிறங்கள் இடம் மாறும். காந்தம் நீக்கும் சுருளைச் சுற்றிக் காட்டினால் சரியாகிவிடும். சரியானதும் அந்தச் சிறுமி அழுதாள்.

பெரியவர்கள் போடுபவையும் குறைவில்லை. சிம் தட்டைத் திறக்கும் ஊசியை மைக் துளைக்குள் குத்திவிட்டு, அன்றிலிருந்து பேசுவது யாருக்கும் கேட்கவில்லை என்று வருவார்கள். இரண்டு துளைகளும் ஒரே மாதிரி இருப்பது வடிவமைத்தவரின் தவறே தவிரக் குத்தியவரின் தவறில்லை. யூஎஸ்பி முனையும் நெட்வொர்க் கேபிள் செருகும் சாக்கெட்டும் கிட்டத்தட்ட ஒரே அகலம். கணினியின் பின்னால் கையை விட்டுத் தடவிச் செருகும்போது அது அழகாக உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், வேலை மட்டும் நடக்காது. மெமரி கார்டை டிஸ்க் போகும் வாய்க்குள் தள்ளிவிட்டவர்கள் பலர். போனில் சத்தமே இல்லை என்று வந்ததில், இயர்போன் முனை ஒடிந்து உள்ளே தங்கியிருந்தது உண்டு. இயர்போன் இன்னும் மாட்டியிருப்பதாக நினைத்து ஒலியை அங்கேயே போன் அனுப்பிக்கொண்டிருக்கும். சார்ஜ் ஏறவில்லை என்று வரும் போன்களில் கணிசமானவற்றுக்குப் பழுதே கிடையாது. சட்டைப் பையின் நூல் துகள் மாதக்கணக்கில் உள்ளே அழுந்தி, கெட்டித் தக்கையாகிவிட்டிருக்கும். போனை அணைத்துவிட்டு, மரத்தாலான பல் குச்சியால் மெதுவாக நெம்பி எடுக்கலாம். உலோக ஊசி வேண்டாம்.

இப்போது கட்டுக்கதைக்கு வருகிறேன். கணினியின் சிடி தட்டைக் கோப்பை வைக்கும் தாங்கி என்று நினைத்து, அது உடைந்துவிட்டது என்று புகார் செய்தவர் கதை உங்களுக்கும் வந்திருக்கும். 1990-களில் மின்னஞ்சல் வழியாகப் பரவிய நகைச்சுவை அது. சிடி தட்டு உடைந்து வந்ததை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். கோப்பையின் தடத்தை ஒன்றில்கூடப் பார்த்ததில்லை, இந்தத் தொழிலில் நான் அறிந்த யாரும் பார்த்ததாகச் சொன்னதும் இல்லை. அதற்காக உலகில் எங்குமே நடந்திருக்காது என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அந்தக் கதையில் வாடிக்கையாளர் எப்போதும் முட்டாள், கேட்பவர் எப்போதும் அறிவாளி. நிஜமாக நடப்பவை அப்படி இருப்பதில்லை. அந்தக் கைச்சங்கிலி அம்மாவிடம் நாங்கள் மூன்று கடைக்காரர்களும் முதலில் தோற்றோம். இப்படிப்பட்ட ஒரு கதையைப் படிக்கும்போது அதில் பழுது என்னவென்று சொல்லப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் ஏளனம் மட்டும் இருந்தால் நான் நம்புவதில்லை.

நனைந்த போனை அரிசிக்குள் புதைத்துக் கொண்டுவருவது கதையல்ல, இன்றும் நடக்கிறது. சார்ஜ் சாக்கெட்டுக்குள் அரிசி நொய் ஊறி உப்பி, குறடால் ஒவ்வொன்றாக எடுத்த நாட்கள் உண்டு. அரிசி உதவாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆப்பிள் நிறுவனமே தன் உதவிக் குறிப்பில் அரிசிப் பையில் போட வேண்டாம், துகள்கள் போனைச் சேதப்படுத்தலாம் என்று எச்சரிக்கிறது. 'நான் போட்டேன், சரியானதே' என்பவர்கள் சொல்வதும் உண்மைதான். மேசை மேல் சும்மா வைத்திருந்தாலும் அந்தப் போன் உலர்ந்திருக்கும். தண்ணீரைவிட அதில் கரைந்திருக்கும் உப்பும் சர்க்கரையும்தான் எதிரி. பேட்டரி இணைப்பில் இருக்கும்போது மின்னோட்டமும் சேர்ந்துகொண்டு, செப்பைக் கரைத்துப் பச்சையாகப் பூக்க வைக்கும். எனவே செய்ய வேண்டியது ஒன்றுதான்: உடனே அணைத்துவிட்டு, சார்ஜ் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்கி, சீக்கிரம் திறந்து சுத்தம் செய்யக் கொடுப்பது. அப்படிச் சுத்தம் செய்த போன் எத்தனை நாள் ஓடும் என்று என்னால் உறுதி தர முடியாது. ஐந்து ஆண்டு ஓடியதும் உண்டு, ஐந்தாம் நாள் அணைந்ததும் உண்டு. சிப்புகளுக்கு அடியில் என்ன தங்கியிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. உறுதி கொடுக்கும் கடைக்காரரை நம்பாதீர்கள்.

வீட்டிலேயே முயன்று பார்த்துவிட்டு வருபவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. பிரித்த லேப்டாப்பை ஒரு பையிலும், ஸ்க்ரூக்களை ஒரு டப்பாவிலும் கொண்டுவந்து தலை குனிந்து நிற்பார்கள். குனியவே வேண்டாம். எங்கே, எந்த வரிசையில் கழற்றினீர்கள் என்று மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள். சில போன்களில் ஸ்க்ரூக்களின் நீளம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே வேறுபடும். நீளமானதைத் தவறான துளையில் முறுக்கினால் போர்டின் உள்தடத்தை அறுத்துவிடும். கரகரக்கும் ஒலி குமிழில் எண்ணெய் விட்டவர்கள், உடைந்த ரிமோட்டை உடனடிப் பசையால் ஒட்டப் போய்ப் பொத்தான்களையும் சேர்த்து ஒட்டிவிட்டவர்கள், ரிமோட்டில் கசிந்த பேட்டரியின் வெள்ளைப் பூவைக் கழுவத் தண்ணீர்த் தொட்டியில் ஊற வைத்தவர்கள் என்று எல்லோரும் ஏதோ ஒரு நியாயத்தோடுதான் செய்திருப்பார்கள். கடைசியாகச் சொன்னதற்கு எளிய வழி உண்டு. ஆல்கலைன் பேட்டரியிலிருந்து கசிவது காரம். பஞ்சில் தொட்ட சிறிது எலுமிச்சைச் சாறு அதைச் சமன் செய்யும். பிறகு ஈரத்துணியால் துடைத்து உலர்த்தினால் போதும். ரிமோட் வேலை செய்கிறதா என்று பார்க்க, போனின் முன்பக்கக் கேமரா முன் பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி பல போன்களின் திரையில் ஊதா நிறமாக மின்னுவது தெரியும்.

ஆனால் மூன்று விஷயங்களில் நான் சிரிப்பதில்லை. எரிந்த ஃபியூஸுக்குப் பதிலாக வெள்ளித் தாளையோ செப்புக் கம்பியையோ சுற்றி வைப்பது முதலாவது. ஃபியூஸ் எரிந்தது ஒரு செய்தி. அந்தச் செய்தியை வாயைக் கட்டி அடக்கினால் அடுத்து எரிவது டிரான்ஸ்ஃபார்மர், சில சமயம் வீடு. இரண்டாவது, உப்பிய லித்தியம் பேட்டரி. மவுஸ் பட்டையை அழுத்த முடியவில்லை என்று ஒருவர் லேப்டாப் கொண்டுவந்தார். அது நிமிர்ந்து நிற்கிறதே என்று இரவெல்லாம் கனமான அகராதியை மேலே வைத்து அழுத்தியிருக்கிறார். அடியில் இருந்த பேட்டரிக்குள் வாயு சேர்ந்து தலையணைபோல் உப்பியிருந்தது. அழுத்தினாலோ குத்தினாலோ அது தீப்பிடிக்கும். மூன்றாவது, குழாய் டிவியையும் மைக்ரோவேவ் அடுப்பையும் பிளக்கைப் பிடுங்கிவிட்டோமே என்ற தைரியத்தில் திறப்பது. வண்ணக் குழாயில் 25,000 வோல்ட் அளவுக்கு ஏறியிருக்கும். மைக்ரோவேவ் அடுப்பில் அலையை உண்டாக்கும் மேக்னட்ரான் சுமார் 4,000 வோல்ட்டில் இயங்குகிறது, அதன் கெபாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கக்கூடும். தயவுசெய்து இவற்றை மூடியபடியே கொண்டுவாருங்கள்.

'வீட்டில் ஓடவில்லை, கடை வாசலை மிதித்ததும் ஓடுகிறது' என்ற புகாரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் அதிகம் பேர் கூச்சப்படுகிறார்கள். வழியில் குலுங்கியதில் விரிசல் விட்ட சால்டர் தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளும்; சூடான கருவி ஆறிவிடும்; வீட்டில் இருக்கும் வோல்ட்டேஜ் கடையில் இருக்காது. பல நேரங்களில் காரணத்தை அன்றே என்னால் காட்ட முடிவதில்லை. ஓடும்போது கண்டுபிடிக்க முடியாத பழுதைக் கண்டுபிடித்ததாகச் சொல்வது நேர்மையில்லை. எனவே அடுத்த முறை நடக்கும்போது போனில் வீடியோ எடுத்து வாருங்கள் என்று திருப்பி அனுப்புவேன். அப்படி வந்த வீடியோக்களில் பலமுறை பழுது பின்னணியில் இருந்திருக்கிறது: ஃபேன் சுழலத் தொடங்கிய நொடி, பக்கத்து அறையில் யாரோ சுவிட்ச் போட்ட சத்தம்.

உள்ளே கிடைப்பவற்றை என்ன செய்வோம் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். காசானாலும் கம்மலானாலும் ஒரு சிறு உறையில் போட்டுப் புகார்ச் சீட்டோடு சேர்த்துக் குத்தி, உரியவரிடம் கொடுப்போம். அப்படிக் கொடுத்ததில் ஒன்று மட்டும் இப்போதும் நினைவில் நிற்கிறது. திரைக்குப் பக்கவாட்டில் டிஸ்க் நுழையும் வாய் உள்ள ஒரு கணினி. ஒரு டிஸ்கும் ஏற்கவில்லை என்று ஒருவர் கொண்டுவந்தார். திறந்தால் டிரைவ் முழுக்கக் காகிதம். நான்காக மடித்த பதினோரு தாள்கள், வண்ணப் பென்சிலில் எழுதியவை. மகள்தான் போட்டிருக்க வேண்டும், திட்டி வைக்கிறேன் என்றவர் ஒன்றைப் பிரித்துப் படித்தார், பிறகு அடுத்ததை. எல்லாம் தாத்தாவுக்கு எழுதிய கடிதங்கள். வெளிநாட்டில் இருக்கும் தாத்தாவை அவள் அந்தத் திரையில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள். அவர் அங்கே இருக்கிறார், பக்கத்தில் தபால் பெட்டிக்கு இருப்பது போல ஒரு வாய் இருக்கிறது.

டிரைவைச் சுத்தம் செய்து ஓடவைத்துவிட்டேன், எடுத்துப் போகலாம் என்றேன். அவர் சற்று நேரம் நின்று, "ஐயா, டிரைவைக் கழற்றிவிட முடியுமா? அந்த வாய்க்குப் பின்னால் ஒரு தட்டு மட்டும் வைத்தால் போதும்" என்றார். டிரைவைக் கழற்றினேன். காகிதம் ஃபேனுக்கோ பவர் சப்ளைக்கோ போய்விடாதபடி மூன்று பக்கமும் தடுப்பு வைத்து, வெளியே இழுத்து எடுக்கும் வகையில் ஒரு பிளாஸ்டிக் தட்டைப் பொருத்திக் கொடுத்தேன். அந்தப் பதினோரு கடிதங்களையும் அன்றைக்கே தபாலில் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.